ஆனி முடிந்ததும் வீட்டைப் பூட்டுகிறவர்களுக்கு

மங்கலம்பேட்டை,
ஆடி மாதம்.

சிதம்பரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை, கடலூர்ப் பக்கம் சொந்த வீட்டை நாள் வாடகைக்கு விடுகிற அன்பர்களுக்கு,



ஆனித் திருமஞ்சனத் தேர் நிலைக்கு வந்து நாலு நாள் ஆகியிருக்காது. உங்கள் வீட்டுக் கதவுகளில் பூட்டுத் தொங்க ஆரம்பித்துவிடும். மோட்டார் சுவிட்சை அணைத்து, மெயினை இறக்கி, சோபாவின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, சாவியை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கொடுத்து, "இனி மார்கழியில பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உரிமையாளர் ரயில் ஏறுகிறார். சென்னையோ, சிங்கப்பூரோ, துபாயோ. ஆருத்ராவுக்குப் பத்து நாள் இருக்கையில் அதே பூட்டு மறுபடி திறக்கிறது. முதலில் வாசனை வருகிறது. பிறகு சுவரில் பூத்த உப்பு கண்ணில் படுகிறது. குளியலறைக் கதவு உப்பிப்போய் நிலையில் சிக்கிக்கொள்கிறது. பெயின்டருக்குப் போன் போகிறது. அவர் அந்த வாரத்தில் பன்னிரண்டாவது வீட்டில் இருக்கிறார். இரட்டைக் கூலி பேசி, ஈரச் சுவரின் மேலேயே இரண்டு கோட் அடித்து, ஊதுபத்தி கொளுத்தி, விருந்தினரை உள்ளே விடுகிறீர்கள். மாசி மகத்துக்குள் பெயின்ட் அப்பளம்போலப் பொரிந்து உதிர்கிறது.

இதை மங்கலம்பேட்டையிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே கடல் கிடையாது, அலையாத்திக் காடு கிடையாது, பொன்னம்பலம் கிடையாது. விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவில் செம்மண்ணும் முந்திரியுமாகக் கிடக்கிற ஊர். சுற்றுலா என்று யாரும் இங்கே பெட்டியோடு வந்து இறங்குவதில்லை. ஆனால் சாந்துக் கரண்டியும் ரசமட்டமும் பையில் போட்டுக்கொண்டு கிழக்கே வேலைக்குப் போகிற கைகள் இந்தப் பக்கத்து ஊர்களிலும் உண்டு. உங்கள் வீட்டு மொட்டை மாடியை உங்களைவிட அதிகம் பார்த்த கைகள் அவை. அந்தக் கைகள் வருஷா வருஷம் சொல்லி, யார் காதிலும் ஏறாத ஒரு விஷயத்தை எழுதிப் பார்ப்பதுதான் இந்த மடல்.

விஷயம் சின்னது. கூரை வேலை மழைக்கு முன்னால். சுவர் வேலை மழைக்குப் பின்னால். நடுவில் இருக்கிற இரண்டு மாதம் வீட்டுக்குள் ஆள் வேண்டும். உங்களில் பலர் இந்த மூன்றையும் ஒரே பத்து நாளில், அதுவும் தப்பான பத்து நாளில், செய்யப் பார்க்கிறீர்கள்.

கடலூர் மாவட்டத்தின் சீசனை எந்தச் சுற்றுலாத் துறையும் தீர்மானிக்கவில்லை. பஞ்சாங்கம்தான் தீர்மானிக்கிறது. ஆருத்ரா என்கிற மார்கழித் திருவாதிரைக்குத் தில்லையில் தேர். தைப்பூசத்துக்கு வள்ளலாரின் வடலூர் ஞானசபையில் ஜோதி. மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடந்துவருகிற நாட்டியாஞ்சலி. அதே மாசியில் மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் தைக்காலில் தர்கா மரியாதை நடக்கும். பிறகு கோடை விடுமுறைக் கூட்டம் பிச்சாவரம் படகுத்துறையில் வரிசை கட்டும். கத்திரி வெயிலில் ஓர் இறக்கம், ஆனித் திருமஞ்சனத்தில் ஓர் ஏற்றம், அதோடு சரி. ஆடி முதல் மார்கழிப் பாதி வரை ஐந்து மாதத்துக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஓரிரு கல்யாண வீட்டார் வந்து தங்குவார்கள். தீபாவளி லீவில் மழையையும் பொருட்படுத்தாமல் ஒரு குடும்பம் வந்து நிற்கும்.

ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். வேளாங்கண்ணி விடுதிக்காரர்களுக்கு ஆகஸ்ட் 29-ல் கொடியேறும், செப்டம்பர் 8 வரை நிற்க இடமிருக்காது. அவர்கள் ஆடியில் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கியாக வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. அதனால்தான் ஆடி கைநழுவிப் போகிறது.

ஆடியை வேண்டாத மாதம் என்று நினைக்கிறவர்கள் கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். புது வீட்டுக்கு மனை கோலுவதும் குடிபோவதும் ஆடியில் ஆகாது என்று நம் சனம் ஒதுக்கிவைத்திருப்பதால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கை ஓய்ந்திருக்கிற மாதம் அது. பழைய வீட்டைப் பழுது பார்க்க எந்தச் சாஸ்திரமும் குறுக்கே நிற்பதில்லை. கூப்பிட்ட நாளில் வருவார்கள், நிதானமாகச் செய்வார்கள். காற்றும் உங்கள் பக்கம். அம்மியைப் பறக்கவைக்கிற காற்று ஈர ஓட்டையும் பூசின சாந்தையும் உலர்த்தாதா? பூச்சுக்கு இரண்டு வேளை தண்ணீர் அடித்துப் பதமாக வைத்துக்கொண்டால் போதும். வடகிழக்குப் பருவமழை இந்தக் கரைக்கு வருவது அக்டோபர் 20 வாக்கில். மாவட்டத்தின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அதிலிருந்து மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். ஆடி முதல் தேதிக்கும் அந்த நாளுக்கும் நடுவே மூன்று மாதம் இருக்கிறது. புரட்டாசியில் மாலை நேர இடிமழை உண்டு என்பதால் கூரைக்கான கெடு ஆவணிக் கடைசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையிலிருந்து தொடங்குவோம். கீழ வீதி, மேல வீதிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றைக் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு. மேலே மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய மட்டப்பா. மரக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதற்கும் மேல் தட்டோடு பதித்த கூரை. நூறு வருஷம் தாங்கும். தாங்காமல் போகிற இடம் ஒன்றே ஒன்று: கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை. அங்கே மயிரிழை விரிசல் விழும். அதற்குள் ஓர் அரச விதை உட்காரும். மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கிற கட்டையின் நுனியை நனைக்கும். கட்டையின் நடுப்பாகம் இரும்புபோல இருக்கும், நுனி மட்டும் ஊறவைத்த ரொட்டியாகியிருக்கும். கீழே படுத்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் மேற்கூரையில் ஒரு டீக்கறை.

அந்தக் கறையின் மேல் பெயின்ட் அடிப்பது நம் ஊரில் பெரிய வைத்தியமாக இருக்கிறது.

மேலே ஏறிப் பாருங்கள். அல்லது ஏறச் சொல்லி வீடியோ கேளுங்கள். வேப்பிலை, மாவிலை, பக்கத்து வீட்டுப் பட்டம், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் மழைநீர்க் குழாய் வாயில் சேர்ந்து கிடக்கும். முதல் வேலை அதை அள்ளுவது. இரண்டாவது, அரசங்கன்றை வேரோடு எடுப்பது; வெட்டினால் அது கோபித்துக்கொண்டு இரண்டாகத் தழைக்கும். மூன்றாவது, ஆட்டங்கண்ட தட்டோடுகளைப் பெயர்த்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பது. இங்கேதான் சண்டை வரும். "சிமென்ட்டைக் கலந்து மேலே மொத்தமா ஒரு கோட் போட்டுட்டா நிம்மதி" என்பார் அவசரக்காரர். சுண்ணாம்புத் தளம் வெயிலில் கொஞ்சம் விரிந்து இரவில் கொஞ்சம் சுருங்கும். அதன் மேல் போட்ட விறைப்பான சிமென்ட் அந்த அசைவுக்கு ஒத்துழைக்காமல் வெடிக்கும். வெடிப்புக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஓட்டு வீடானால் கதை எளிது. உடைந்ததை மாற்றி, குரங்கும் பூனையும் நகர்த்தியதைச் சரியாகக் கவ்வவைத்து, முகட்டோட்டுச் சாந்தைப் புதுப்பித்தால் ஆயிற்று. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் அச்சு இன்றும் மாறவில்லை என்பதால் மாற்று ஓடு கிடைப்பது பெரும்பாடில்லை.

கூரையை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். புதுச்சேரிக் கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டிடம் ஒன்று இருந்தது, மேரி என்று ஊர் சொல்லும் பழைய நகராட்சிக் கட்டிடம். சீர்செய்ய வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டே இருந்தது. 2014 நவம்பர் 29 அன்று மழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே புதிதாக எழுப்பினார்கள். அரசாங்கத்தால் முடியும். ஒரு தனி மனிதருக்கு இரண்டாம் முறை வீடு கட்டக் கொடுத்துவைத்திருக்காது.

அடுத்தது மரம். இதில் மங்கலம்பேட்டைக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஓர் எண்ணெய் உண்டு. கொட்டை உடைக்கிற பெண்களின் விரல் தோலை உரித்துக் கறுக்கவைப்பது அதுதான். அதே காரமும் எரிப்பும் கரையானையும் கிட்டே விடாது. படகுப் பலகைக்கும் தூணுக்கும் கடலோரத்தில் நெடுநாளாகப் பூசிவருகிறார்கள். கூரைக் கட்டையின் சுவருக்குள் போகிற நுனி, நிலையின் அடிப்பக்கம், பரண் பலகையின் முதுகு என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு அது போதும். கதவின் முகத்தில் பூசிவிடாதீர்கள், கறுத்துப் பிசுபிசுத்துப் போகும். கையுறை இல்லாத ஆளிடம் அதைக் கொடுக்கவும் வேண்டாம். தரையோடு ஒட்டிய மண்கோடு தெரிந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல் கரையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுவதே புத்தி. ஆடியில் கூப்பிட்டால் மருந்து மண்ணில் இறங்கி நிற்கும். ஐப்பசியில் கூப்பிட்டால் மழையோடு சாக்கடைக்குப் போகும்.

தண்ணீர் விஷயத்தில் பூட்டிய வீடு ஒரு விசித்திரம். மழை வெளியே கொட்டும்போது உள்ளே காய்ந்துபோவதால் கெடுகிற ஒன்று இருக்கிறது. குளியலறைத் தரைச் சல்லடைக்குக் கீழே இருக்கும் வளைவை பிளம்பர்கள் நஹானி டிராப் என்பார்கள். அதில் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கும். வாரக்கணக்கில் யாரும் குளிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். பிறகு நாற்றம் மட்டுமல்ல, கரப்பான் பூச்சியும் அந்த வழியாகக் குடும்பத்தோடு வரும். மார்கழியில் கதவைத் திறந்ததும் மூக்கில் அறைகிற வாசனையில் பாதி இதுதான்; அதற்காக நீங்கள் பாத்ரூம் டைல்ஸையே மாற்றியிருப்பீர்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு சல்லடையிலும் ஒரு சொம்பு தண்ணீர், வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஒரு ஃபிளஷ். இதற்குச் செலவு என்று ஒன்றும் இல்லை. ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மேல்தொட்டியைக் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரால் அலசி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அது ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். தொட்டியைக் காயப்போட்டால் போதும் என்று நினைப்பதும் தப்பு. அதன் முட்டை உலர்ந்த சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு காத்திருக்கும். தேய்த்தால்தான் போகும். மொட்டை மாடியில் கிடக்கும் பூந்தொட்டித் தட்டு, உரல், ஏ.சி.த் தண்ணீர் விழும் டப்பா எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பூட்டிய வீட்டில் பிறக்கிற கொசு அங்கே ஆளில்லாததால் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கப் போகிறது. தெருக்காரர்கள் உங்கள் மேல் எரிச்சலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா?

கழிவுநீர்த் தொட்டியை மழைக்கு முன் லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் தொட்டி எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத் தாழ்ந்த மனைகளுக்கு இது தெரியாத சேதி அல்ல. ஒன்று மட்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதற்கு முன்பே அது கொலை. "வீட்டுக்காரர் ஊரில் இல்லை, எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கிற இடமும் அது இல்லை.

மழைநீர் சேகரிப்புக் குழியை 2003-ல் சட்டம் வந்தபோது எல்லோரும் தோண்டினோம். பலரும் அதற்குப் பிறகு மூடியைத் திறக்கவே இல்லை. ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி போட அரைநாள் ஆகும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. மெயினை இறக்கிவிட்டுப் போனால் இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் பார்க்க வேண்டும். உப்புக்காற்று ஏ.சி. வெளிப்பெட்டியைத் தின்னும். அதை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு மூடுவது நலம். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் ஹீட்டருக்குள் சுண்ணாம்புப் படிவு கட்டும், அதைச் சீசனுக்கு நடுவில் சுத்தம் செய்ய முடியாது. ஈ.எல்.சி.பி. விழுகிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரச் சுவரும் தெரியாத ஊரில் ஹீட்டர் சுவிட்சைத் தேடுகிற விருந்தினரின் ஈரக் கையும் சேருகிற வீடு அது.

துணிமணிக்கும் ஆடிதான். தள்ளுபடியில் விரிப்பும் துண்டும் எடுத்துக்கொள்ளலாம். குறிஞ்சிப்பாடி கைத்தறிக்காரர்களிடம் போனால் லுங்கித் துணியிலேயே ஜன்னல் திரை தைத்துக்கொள்ளலாம். வந்து தங்குகிற வெளியூர்க்காரர் அதைத்தான் போட்டோ எடுப்பார். இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் ஆவணி வெயிலில் இரண்டு நாள் புரட்டிப் போட்டு எடுத்து, பரணில் வைக்காமல் கட்டிலிலேயே நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். ஃபோம் மெத்தையைப் பிளாஸ்டிக் உறையோடு இறுக்கிக் கட்டிவிட்டுப் போவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. உள்ளே இருந்த ஈரத்துக்குச் சிறை வைத்ததாக ஆகும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் வேலை நின்று காவல் தொடங்குகிறது. அந்த இரண்டு மாதத்தில் வீட்டுக்குச் செய்யக்கூடியது கதவைத் திறப்பதும் மூடுவதும்தான். மழை விட்ட காலையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மாலையில் விளக்கு வைத்து மூடினால் சுவர் மூச்சுவிடும். எலி வேறு இடம் பார்க்கும். வாசலில் விளக்கு எரிகிற வீட்டுக்குத் திருடனும் வரமாட்டான்.

கார்த்திகை முடிந்தால் ஆபத்து முடிந்தது என்பதும் இந்த மாவட்டத்தில் செல்லாது. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அதிகாலையில். நல்ல மார்கழி, புத்தாண்டுக்கு இரண்டே நாள் இருந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே புகுந்து பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. இந்த மாவட்டத்து முந்திரிக்காரர்கள் அதை இன்றும் தேதி சொல்லித்தான் பேசுவார்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது காற்றைவிடத் தண்ணீர்தான் அதிகம் சேதம் செய்தது. சாத்தனூர் அணையில் திறந்த வெள்ளம் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரைச் சூழ்ந்தது. மழை நின்ற பிறகு வந்த வெள்ளம் அது. சிங்கப்பூரில் உட்கார்ந்து வானிலைச் செயலியில் வெயில் படம் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அந்நேரம் ஃப்ரிட்ஜைச் செங்கல் வைத்துத் தூக்கவும், பத்திரப் பையைப் பரணில் ஏற்றவும், மோட்டார் இணைப்பைப் பிடுங்கவும் வீட்டில் ஓர் ஆள் தேவை.

தென்னை மட்டையையும் முற்றிய காயையும் புரட்டாசியிலேயே இறக்கிவிடுங்கள். ஆனால் மரத்தையே வெட்டிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு விஞ்ஞானிகள் இந்தக் கடலூர்க் கரையில்தான் வந்து அளந்தார்கள். அலையாத்திக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பிச்சாவரத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. "கடல் தெரிய வேண்டும்" என்று சவுக்கைச் சாய்க்கிற வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

இப்போது சுவர். போகிக்கு வெள்ளையடிப்பது ஏதோ பண்டிகை அலங்காரம் என்று நினைக்கிறோம். மழை முடிந்து சுவர் காய்ந்த முதல் வாரம் அது. சுண்ணாம்பு அடித்தால் நிற்கும் என்று தெரிந்து வைத்த நாள். உங்கள் சிக்கல், ஆருத்ரா அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. அப்படியானால் மார்கழி முதல் வாரத்தில் ஓர் எளிய சோதனை செய்யுங்கள். ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒருநாள் விட்டுவையுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவரை இப்போது பெயின்ட்டால் தொடக் கூடாது. எமல்ஷன் ஒரு மழைக்கோட்டு மாதிரி. உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. ஈரம் உப்பைத் தூக்கிக்கொண்டு வந்து தோலை உரிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிட்டுத் தானும் இறுகும். பழைய செங்கல் சுவருக்கு அதுவே பொருத்தம். நனைத்து, வடிகட்டி, கொஞ்சம் வஜ்ஜிரமும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து இரண்டு கை அடித்தால் மாலை வெயிலில் அந்தச் சுவருக்கு வருகிற வெளிச்சம் எந்த ஷேட் கார்டிலும் கிடையாது. சிமென்ட் பூசிய புதுச் சுவரானால் பூச்சு ஆறுவதற்கே நாலு வாரம் வேண்டும். அந்த நாலு வாரத்தைக் கணக்கிட்டால் மறுபடியும் ஆவணியில்தான் வந்து நிற்போம்.

வெளியூர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதும் நல்லது. கோவாவின் பழைய வீடுகளில் தென்மேற்கு மழை அடிக்கிற சுவரைத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி மூடிவிடுவது வழக்கம். கேரளம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக மழையையே விற்கிறது; கர்க்கடக மாதத்து ஆயுர்வேத சிகிச்சை என்று சொல்லி, யாரும் வராத மாதத்துக்கு ஆள் பிடிக்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் மழை புயலோடு வருகிறது, எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் பிச்சாவரம் படகுத்துறை மூடிவிடும். ஆனால் தென்னங்கீற்று இந்த மாவட்டத்திலும் முளைக்கிறது. கிழக்குச் சுவருக்கு ஒரு தட்டி கட்டினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

செட்டிநாடு இன்னும் நெருக்கமான பாடம். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறந்த அரண்மனை வீடுகள் பல கண்ணெதிரே சரிந்தன. தேக்குத் தூணும் இத்தாலிச் சலவைக்கல்லும் பழம்பொருள் கடைக்குப் போயின. காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம், இரண்டு பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் எடுத்துச் செப்பனிட்ட கொத்தமங்கலம் சாரதா விலாஸ் போன்றவை நின்றன. விருந்தினர் வந்ததால் நின்றன என்பது பாதி உண்மை. விருந்தினருக்காகத் தினமும் யாரோ ஒருவர் உள்ளே நடமாடியது மீதிப் பாதி. மத்திய சுற்றுலா அமைச்சகம் வீட்டுத் தங்கலுக்கு வகுத்த திட்டத்திலும் ஆறு அறை, பன்னிரண்டு கட்டில் என்ற வரம்போடு உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். விருந்தோம்பலுக்காக வைத்த விதி வீட்டின் ஆயுளுக்கும் பொருந்திவிட்டது.

நீங்கள் குடியிருக்கப் போவதில்லை. அதனால்தான் அந்த அக்காவின் பேச்சு வருகிறது. இந்த மடலில் உங்களுக்குப் பிடிக்காத பத்தி இதுவாகத்தான் இருக்கும்.

சீசனில் அவருக்குச் சம்பளம் எப்படி? பல வீடுகளில் விருந்தினர் காலி செய்கிற ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று பேசியிருக்கிறீர்கள். அறை கூட்டி, விரிப்பு துவைத்து, பாத்ரூம் கழுவ ஒரு தொகை. ஆடி வந்தால் விருந்தினர் இல்லை, தொகையும் இல்லை. சாவி மட்டும் அவர் இடுப்பில். ஐப்பசி மழையில் ஓடு நகர்ந்தால் போனில் கூப்பிட்டு "ஒரு எட்டு பார்த்துட்டு வாங்கக்கா" என்கிறீர்கள். அவர் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடுகிறார். சில வருஷம் ஓடுவார். பிறகு வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார். சாவியைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டு.

வீட்டுக்கு அவர் அதிகம் தேவைப்படுகிற மாதங்களில் பார்த்து அவரை வேண்டாம் என்கிறீர்கள் என்பதுதான் இதில் உள்ள கோணல். சல்லடைக்குத் தண்ணீர் ஊற்றுவது, தொட்டி மூடியைக் கட்டுவது, ஜன்னலைத் திறப்பது, கறை பரவுகிறதா என்று பார்ப்பது, புயலுக்கு முன் ஃப்ரிட்ஜைத் தூக்குவது என்று மேலே சொன்னதில் முக்கால்வாசி அவர் கையில் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் மாதச் சம்பளம் என்று பேசிவிடுங்கள். சீசனில் கிடைக்கிற வரும்படியில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்தால் ஐந்து மாதத்தைத் தாண்டலாம். மார்கழியில் இரட்டைக் கூலிக்கு ஆள் பிடித்து, இரண்டு மாதத்தில் உதிரப்போகிற பெயின்டுக்குக் கொடுக்கிற பணத்தை ஒருமுறை நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பழைய சத்திரங்களைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கட்டிடத்தோடு நிலமும் எழுதி வைத்தார்கள். அதன் விளைச்சலில் சமையற்காரருக்கும் காவலருக்கும் வருஷம் முழுவதும் படியளந்தார்கள். யாத்திரிகர் வராத மாதத்திலும் விளக்கு எரிந்தது. நிலம் கைமாறிப் படி நின்றபோது சத்திரங்களும் விழுந்தன. சிதம்பரத்தில் நடந்து போகிறவர்கள் வௌவால் குடியிருக்கிற ஒன்றிரண்டையாவது பார்த்திருப்பார்கள்.

ஆடி பிறந்து சில நாள் ஆகிவிட்டது. கொத்தனார் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுப் பக்கம் போய் வந்த மறுநாள் அவரை மாடிக்கு ஏற்றலாம்.

இப்படிக்கு,
மங்கலம்பேட்டையிலிருந்து
உங்கள் வீட்டுக் கூரையை அறிந்த ஒருவர்.

பி.கு.: பூட்டிவிட்டுப் போனபோது ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவை இறுக்க மூடியிருப்பீர்கள். அக்காவுக்குப் போன் செய்து, கதவைத் திறந்து நடுவில் ஒரு துண்டைச் செருகி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் அதை அவரே எடுத்துப் போட்டுவிடுவார்.